திரும்பி வந்து சொல்ல வேண்டியவர்

ஏனுங்க,

கூப்பிட்டுப் பழகியது இப்படித்தான். கடிதத்தில் வேறு மாதிரி எழுத வரவில்லை. நீங்கள் போய் இரண்டு ஆடி ஆகிவிட்டது. சொல்ல நிறைய இருக்கிறது, தெம்புதான் இல்லை.

இன்னும் மேச்சேரிப் பக்கத்துச் சோலார் நிலையத்தில்தான் இருக்கிறேன். இப்போது தலைமைப் பொறியாளர். சப்ஸ்டேஷனில் தொடங்கி, காற்றாலைக்குப் போய், கடைசியில் வெயிலுக்கு வந்து சேர்ந்தேன். காற்றுக்கும் வெயிலுக்கும் காவல் இருந்தே தலை நரைத்துவிட்டது. திருச்செங்கோட்டிலிருந்து பஸ் மாறிப் போய்த் திரும்பினால் சோறாக்கக்கூட மனம் வருவதில்லை.

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். லைனில் வேலை செய்ய ஃபோர்மேன் செல்வராசு லைன் கிளியர் வாங்கினார். உங்களுக்கு இது மனப்பாடம். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி வாங்கியவரே திரும்பி வந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று தன் வாயால் சொன்னால்தான் மறுபடி மின்சாரம் விடலாம். போர் போட ரிக் லாரியோடு வெளியூர் போகும்போதெல்லாம், போய்ச் சேர்ந்ததும் நீங்களே போன் செய்ய வேண்டும் என்று உங்களையும் படுத்தியிருக்கிறேனே. "உன்ற லைன் கிளியரத் திருப்பிக் குடுத்துட்டன், போதுமா?" என்று சிரிப்பீர்கள்.

செல்வராசு வேலையை முடித்துவிட்டு, சொல்ல மறந்து, மகள் காதுகுத்துக்கு ஓடிவிட்டார். மேளச் சத்தத்தில் போனும் எடுக்கவில்லை. நல்ல வெயில் வீணாகிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து மேலாளர் போன் மேல் போன்.

"எல்லாரும் இறங்கியாச்சுன்னு பசங்க சொல்றாங்களே மேடம், போட்டு விடுங்க."

"அவர் வந்து சொல்லட்டும் சார்."

"அப்போ நஷ்டத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

சண்டை போடத் தெம்பில்லை. ஜீப்பை அனுப்பினேன். நெற்றியில் சந்தனத்தோடு செல்வராசு வந்து நின்றார். "ஆளெல்லாம் எறங்கியாச்சுங்க மேடம். மறந்துபோட்டனுங்க." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "போங்க சாமி, புள்ளையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டு பிரேக்கரைப் போட்டு மின்சாரம் விட்டேன். லைனில் யாருமே இல்லை. அதனால் நான்தான் பிடிவாதக்காரி என்றாகிவிட்டது.

இன்று மேலாளர் நேரிலேயே வந்தார். இனிமேல் போனில் யார் சொன்னாலும் போதுமாம். ஒப்புக்கொண்டால் வேலை நீட்டிப்பு, இல்லையென்றால் இந்த மாதத்தோடு வீடு. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒப்புக்கொண்டால்தான் என்ன? வீட்டில் எனக்காக யார் காத்திருக்கிறார்கள்? பஸ்ஸில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

கடைசியாகக் கிளம்பிய அன்று, "போய்ட்டு வாரேன் கோகிலா" என்றீர்கள். நெஞ்சுவலி என்று லாரி டிரைவர் போன் செய்தார். முடிந்துவிட்டது என்று உங்கள் தம்பி போன் செய்தார். கொண்டுவந்து காட்டினார்கள், பார்த்தேன், காரியமும் ஆயிற்று. ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. ரிக் லாரி ஹாரன் கேட்டால் இன்னும் வாசலைப் பார்க்கிறேன். யார் யாரோ சொன்னதை வைத்து என்னால் முடித்துக்கொள்ள முடியவில்லை.

செல்வராசு வீட்டிலும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் நாளைக்கு முடியாது என்றுதான் சொல்லப்போகிறேன். அனுப்பினால் அனுப்பட்டும், முட்டியும் வலிக்கிறது. ஆனால் அந்த பிரேக்கர் என் கையில் இருக்கும் கடைசி நாள்வரை, போனவர் திரும்பி வந்து சொல்லாமல் போட மாட்டேன்.

உங்கள் லைன் கிளியர்தான் இன்னும் திரும்பி வரவில்லை.

உங்க ஊட்டுக்காரி,
கோகிலா