நீச்சல் கண்ணாடி மாட்டிப் போருக்குப் போகிறவருக்கு

மாவீரரே,

சாயக் குண்டால் ஒருவரையொருவர் சுடும் பெயிண்ட்பால் விளையாட நீங்கள் எடுத்துவைத்த நீச்சல் கண்ணாடியைக் கரண்டியால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் கழன்று தரையில் விழுந்தது. சாயக் குண்டு அதைவிட மெல்லத் தட்டுமாக்கும்! "கண்ணாடின்னா எல்லாம் ஒண்ணுதானே" என்று, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற என்னிடமே நேற்று பாடம் நடத்தினீர்கள்.

மேஜைமேல் இருக்கும் முகக்கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டுக்கென்றே செய்தது. காதுவரை மூடும், உங்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே மாட்டலாம், ஆவி படியாது. போட்டோவுக்காகக்கூட நடுவில் கழற்றக் கூடாது.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பி.கு.: அழகாக இல்லை என்று முனகாதீர்கள். அழகைப் பார்த்தா உங்களைக் கட்டிக்கொண்டேன்?

இன்னொன்று: நேற்றைய கோபம் இன்னும் தீரவில்லை. நான் முறைக்கும்போது திருப்பி முறைக்க, எதிரில் இரண்டு கண்ணும் முழுசாக இருக்க வேண்டும்.