சந்தனம் காய்ந்த காந்தம்

அண்ணனூர், 4 அக்டோபர் 1943
இத்தனை நாள் காற்றைத் திட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். இன்று அதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. ஆவடியில் நாங்கள் சோதிக்கும் பீரங்கிக் குண்டுக்கு மூக்கு மழுங்கல். சீமையிலிருந்து வந்த அட்டவணையோ கூர்மூக்குக் குண்டுக்கானது. நம் குண்டைக் காற்று இன்னும் அதிகமாகப் பிடித்து நிறுத்துகிறது. அளந்த வேகங்களை வைத்து நம் குண்டுக்கென்றே ஒரு காற்றுத்தடை அட்டவணை போட்டுவிட்டேன். அதன்படி பார்த்தால் குண்டு நாகம்மாள் வயலுக்கு வெகு முன்னாலேயே விழ வேண்டும்.

சீமை அட்டவணையை நம்பி அவள் வயலையும் அபாய எல்லைக்குள் சேர்த்துக் கொடி நட்டிருக்கிறார்கள். நெல் முற்றி நிற்கிறது. "மழைக்கு முன்னே அறுத்துக்க உட்டாப் போதும், குமாரி" என்றாள். வேலைக்குப் போகும் வேதக்காரப் பெண்ணான எனக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் அறை கொடுத்தவள். இதையாவது நான் செய்ய வேண்டாமா?

6 அக்டோபர்
இன்னொரு முறை சுட்டு அளந்து பொருந்தினால் கொடியை நகர்த்துவதாகச் சோதனையை நடத்தும் கேப்டன் சொன்னார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

11 அக்டோபர்
ஆயுத பூஜை விடுமுறைக்குப் பின் இன்று சுட்டார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. தூரம் போயும் குண்டின் வேகம் குறையவில்லை — அப்படியானால் அது வயல் வரைக்கும் வரும். ஆசைப்பட்ட விடையைத்தான் போட்டுவிட்டேனா? கேப்டன் கோபிக்கவில்லை. கொடி அங்கேயே இருக்கட்டும் என்றார். நாகம்மாள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சாப்பிடவே பிடிக்கலை.

12 அக்டோபர்
கண்டுபிடித்துவிட்டேன். வேகம் அளக்கும் கருவியில் இரண்டு மின்காந்தம். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புக் கோல் தொங்கும். குண்டு முதல் கம்பியை அறுத்ததும் ஒரு கோல் விழும், அடுத்த கம்பியை அறுத்ததும் மற்றது. அந்த நேர இடைவெளிதான் கணக்கு. இரண்டாவது காந்தத்தின் அடியில், கோல் ஒட்டும் இடத்தில் — காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். காந்தத்தின் பிடி தளர்ந்து கோல் முந்தி விழுந்திருக்கிறது. அதனால்தான் குண்டு வேகமாகப் போனதாகக் காட்டியிருக்கிறது.

மெக்கானிக் பரந்தாமன் தலையைச் சொறிந்தார். "அல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம். தெனம் வேலை செய்ற மெசினு, அத்த மட்டும் எப்டிம்மா உட்றது?"

கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவரே துடைத்தார். பொட்டு கருவியின் மரப்பெட்டிக்கு இடம் மாறியது.

14 அக்டோபர்
பொருந்தியது. எல்லா வேகமும்! கொடியை நகர்த்த உத்தரவாகிவிட்டது. நாளைக்கும் சுடுகிறார்கள், அந்த நேரத்தில் அந்த வயலில் நீ நிற்பாயா என்று கேப்டன் கேட்டார். நிற்பேன் என்று வாய் சொல்லிவிட்டது. பயமாக இருந்தால் நாளை அறுப்பு வேண்டாம் என்று நாகம்மாளிடம் சொன்னேன்.

"நீ நிக்கிற எடத்துல எனக்கு இன்னா பயம்?"

15 அக்டோபர்
முதல் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது புகை எங்கோ தூரத்தில், நான் குறித்த இடத்தை ஒட்டி. திரும்பிப் பார்த்தேன். நாகம்மாள் தலையே நிமிரவில்லை. அறுத்துக்கொண்டிருந்தாள்.

19 அக்டோபர்
விடிந்ததிலிருந்து மழை. என் அறை முழுக்க நெல் மூட்டை, கால் நீட்ட இடமில்லை. முடக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். எவ்வளவு நன்றாக இருக்கிறது.