தலையணை மேல் ஆயிரம் ரூபாய்

அரியலூர்
6-2-2025

மதிப்பிற்குரிய நந்தினி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் பெயர் மலர்க்கொடி. பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் 204-ஆம் அறையில் பத்து நாள் தங்கியிருந்தீர்கள். அந்த அறையைத் தினமும் கூட்டித் துடைத்து பெட்ஷீட் மாற்றியவள் நான். நீங்கள் காலை ஏழு மணிக்கே ஜீப்பில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கிளம்பிவிடுவீர்கள். நான் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவேன். உங்கள் ஜெயங்கொண்டம் விலாசத்தை ரிசப்ஷனில் இருக்கும் அபிநயா ஆதார் நகலைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள். அது தப்பு என்றால் அவளைத் திட்டாதீர்கள். நான்தான் கெஞ்சினேன்.

விஷயம் இதுதான். ஜனவரி முப்பதாம் தேதி நீங்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகு உள்ளே போனேன். தலையணை மேல் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள் இருந்தது. மடிக்காமல், ஒன்றன் மேல் ஒன்றாக. சீட்டு எதுவும் இல்லை.

ஏழு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். தலையணை மேல் காசு வைத்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். இருபது, ஐம்பது. ஆயிரம் யாரும் வைத்ததில்லை. ஆனாலும் மறந்த காசு டிராயரிலோ கட்டிலுக்கு அடியிலோ கிடக்கும், தலையணை மேல் இருப்பது நமக்குத்தான் என்று நினைத்து எடுத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அபிநயாவிடம் சொல்லிவிட்டேன். மத்தியானத்துக்குள் மேனேஜர் குருநாதன் சார் காதுக்குப் போய்விட்டது.

"கூட்டுறவளுக்கு ஆயிரம் ரூவா யாரு வெப்பாங்க? அந்தம்மா மறந்துட்டுப் போயிருக்கு. ரூம்ல எது கெடந்தாலும் ரிசப்ஷன்ல குடுக்கணும்னு தெரியுமில்ல?" என்றார்.

"எனக்குன்னுதான் வச்சாங்க சார்" என்றேன்.

"அப்ப அந்தம்மாகிட்டயே எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் வேலைக்கு வராத."

பணத்தை ஒரு கவரில் போட்டு அறை எண்ணை எழுதிப் பூட்டிவிட்டார். அபிநயா உங்கள் போனுக்கு நாலு தடவை அடித்துப் பார்த்தாள். நீங்கள் எடுக்கவில்லை.

மேடம், அந்தப் பணம் எனக்கா, இல்லை மறந்ததா? மறந்தது என்றால் அதையே எழுதுங்கள். அவரிடம் அடித்துப் பேசினேனே தவிர, வீட்டுக்கு வந்து யோசித்தால் எனக்கும் சந்தேகமாக இருக்கிறது. திருடி என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
மலர்க்கொடி


பெங்களூரு
25-2-2025

அன்புள்ள மலர்க்கொடி அவர்களுக்கு,

வணக்கம். முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தை ஜெயங்கொண்டத்தில் அம்மா வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்து மறந்துவிட்டார். நேற்று பெங்களூருக்கு முந்திரிப்பருப்பு கொண்டுவந்தபோதுதான் அதையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "ஏதோ லாட்ஜ்லேருந்து வந்திருக்குடி, பில்லு பாக்கியா?" என்றார். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் எடுப்பதில்லை. அதற்கும் இப்போது வெட்கப்படுகிறேன்.

அந்தப் பணம் உங்களுக்குத்தான். இதில் சந்தேகமே வேண்டாம். மேனேஜருக்குத் தனியாக ஒரு கடிதம் கையெழுத்தோடு வைத்திருக்கிறேன். அப்படியே கொடுத்துவிடுங்கள்.

நான் கல்லூரியில் நிலவியல் கற்றுக்கொடுக்கிறேன். சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த கற்களைத் தினமும் ஜன்னலோரம் பழைய பேப்பரில் பரப்பி வைப்பேன். எது எந்த இடத்தில் கிடைத்தது என்பது அந்த வரிசையில்தான் இருந்தது. நீங்கள் பேப்பரைத் தூக்கித் தூசி துடைத்துவிட்டு, ஒரு கல்கூட இடம் மாறாமல் திரும்ப வைத்திருந்தீர்கள். வேறு ஊர்களில் குப்பை என்று வாரிக் கொட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் படித்தபோது யாருக்கும் தெரியாமல் ஒரு ஓட்டலில் மேசை துடைத்தேன். என் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அங்கே முதலாளி கொடுக்கும் சம்பளம் பேருக்குத்தான், சாப்பிட வந்தவர்கள் வைக்கும் டிப்ஸில்தான் வாடகை கட்டினேன். வைக்காமல் போனால் அது பெரிய அவமரியாதை. வேறு சில நாடுகளில் வைத்தால்தான் அவமரியாதையாம். நம் ஊரில் இது எப்படி? யாருக்குக் கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுப்பதில்லை? வாங்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்? என் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். போனில் பேசினாலும் சரிதான்.

அன்புடன்,
நந்தினி


அரியலூர்
9-3-2025

அன்புள்ள நந்தினி மேடத்துக்கு,

உங்கள் கடிதம் வந்து, எனக்கு வேலையும் வந்துவிட்டது. மேனேஜர் இரண்டு தடவை படித்தார். பூட்டைத் திறந்து கவரை நீட்டினார். "சரி, போ. மூணாவது மாடியில கல்யாணக் கோஷ்டி காலி பண்ணிட்டுப் போயிருக்கு" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டார். இடையில் ஒரு மாதம் பருத்தி எடுக்கப் போனேன், முதுகு விட்டுப்போச்சு.

போனில் பேசலாம் என்றீர்கள். போனில் பேசினால் "ஆமாங்க மேடம், சரிங்க மேடம்" என்பதற்கு மேல் எனக்கு வராது. எழுதினால் யோசித்து எழுதலாம். நான் பிளஸ் டூ வரை படித்தவள்.

கற்களைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் நாள் நத்தை மாதிரி சுருண்ட ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் காட்டில் இது கிடக்கும், இதை ஒருத்தர் பேப்பர் விரித்து அடுக்கி வைத்திருக்கிறாரே என்று தோன்றியது. அடுக்கி வைத்தால் விலை உள்ளதாகத்தானே இருக்கும்? அப்புறம் பேப்பரைத் தூக்கும் முன் வரிசையை மனதில் எண்ணிக்கொள்வேன். இடமிருந்து வலமாக, பூஜை அறையில் படங்களைத் துடைக்கிற மாதிரி. இந்தக் கடல் நத்தை எப்படி அரியலூருக்கு வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.

டிப்ஸ் விஷயம். சாப்பாடு கொண்டுவருகிறவருக்குக் கொடுப்பார்கள். பெட்டி தூக்கினால் கொடுப்பார்கள். கதவைத் திறந்துவிடும் வாட்ச்மேனுக்குக்கூடக் கிடைக்கும், சல்யூட் அடிப்பார் இல்லையா? கக்கூஸ் கழுவியவளைத் தேடி வந்து யாரும் கொடுப்பதில்லை. அபிநயா வயசுப் பிள்ளைகள் போன் ஸ்கேனரைக் காட்டுகிறார்கள், "சார், சந்தோஷமா எதாச்சும்" என்று கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். எனக்கு வாய் வராது.

ஏன் என்று யோசித்தேன். என் அம்மா உங்கள் ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கினவர். பொங்கலுக்கு அந்தக் காட்டுக்காரர் வீட்டில் சேலை கொடுப்பார்கள். வாசலுக்குக் கீழே நின்று முந்தானையை விரித்து வாங்க வேண்டும். மேலிருந்து போடுவார்கள். என்னையும் ஒரு வருஷம் கூட்டிப் போனார். "கும்பிடு, கும்பிடு" என்று என் முதுகைத் தட்டியது ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து கையில் யாராவது எதையாவது கொடுத்தால் எனக்கு உடம்பு கூசும். ஆனால் தலையணை மேல் வைத்துவிட்டுப் போகிற காசு அப்படி இல்லை. யாரும் பார்க்கவில்லை, நானும் கும்பிட வேண்டியதில்லை. நம் வேலையைப் பார்த்து, நம்மைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்து, வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நூறு வைத்திருந்தாலே எனக்குச் சந்தோஷம்தான். ஆயிரம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நாளைக்கு நூறு என்று கணக்கா? பத்து நாளும் என்னை நினைத்தீர்களா? முகம் பார்க்காத ஒருத்தரைப் பற்றி என்னவென்று நினைத்தீர்கள்? இதை நினைத்துக்கொண்டேதான் இப்போது மாடிப்படி ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியாததால் பெயர் மட்டும் சொன்னேன்.

அன்புடன்,
மலர்க்கொடி


பெங்களூரு
22-3-2025

அன்புள்ள மலர்க்கொடி அக்கா,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

எளிதான கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அரியலூர் கடலுக்கு அடியில் இருந்தது. நத்தை எங்கேயும் போகவில்லை. கடல்தான் விலகிப் போய்விட்டது.

மற்ற கேள்விக்கு வருகிறேன். அக்கா, அந்தப் பணத்தை நான் உங்களுக்கு வைக்கவில்லை.

அன்று காலை பெட்டி கட்டும்போது, ஜீப் ஓட்டிய வீரமணிக்குப் பேட்டாவாகக் கொடுக்க இரண்டு தாளை எடுத்துத் தலையணை மேல் வைத்தேன். கற்களைக் கட்டும் அவசரத்தில் மறந்துவிட்டேன். வழியில் பையைத் துழாவிவிட்டு, "ஊருக்குப் போய் அனுப்புறேன்" என்று அவரிடம் சொன்னேன். அனுப்பவும் இல்லை. உங்கள் முதல் கடிதத்தைப் படித்ததும்தான் பணம் எங்கே போனது என்றே தெரிந்தது. மறந்தது என்று எழுதினால் உங்கள் வேலை போய்விடும் என்று பயந்து பொய் எழுதினேன். அதற்காக வருத்தப்படவில்லை. அதற்குப் பிறகு இரண்டாம் கடிதத்தில் நீங்கள் எழுதியதைப் படித்துதான் என்னால் உட்கார முடியவில்லை.

பத்து நாளும் என்னை நினைத்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாள்கூட நினைக்கவில்லை. கற்கள் வரிசை மாறாமல் இருந்ததைப் பார்த்தேன், அது உண்மை. நல்லவேளை என்றுதான் தோன்றியது. அதை ஒருத்தர் செய்திருக்கிறார் என்று தோன்றவில்லை. வீரமணி தினமும் என் எதிரில் நின்றார், கதவைத் திறந்துவிட்டார், அதனால் அவருக்கு எடுத்து வைத்தேன். நீங்கள் என் எதிரில் நின்றதில்லை. மேசை துடைத்து, யாராவது நிமிர்ந்து பார்ப்பார்களா என்று காத்திருந்தவள் நான். எனக்கே இப்படி.

நீங்கள் எழுதிய அந்த முந்திரிக்காடு எங்களுடையதா என்று அம்மாவிடம் கேட்டேன். "அப்ப யார் யாரோ வருவாங்க, யாருக்கு ஞாபகம்?" என்றார். எங்கள் வீட்டிலும் பொங்கலுக்குச் சேலை கொடுப்பார்கள். வாசல் மேலே நின்று நானும் ஒரு தடவை கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் மறுபடி அரியலூர் வருகிறேன். அதே லாட்ஜில் தங்கலாமா? வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். பதில் எழுதாமல் விட்டாலும் புரிந்துகொள்வேன்.

நந்தினி


அரியலூர்
8-4-2025

நந்தினி மேடத்துக்கு,

கடிதத்தை லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். கோபம் வந்தது. பொய் சொன்னதற்கு இல்லை. அந்தப் பொய்யால்தான் என் அடுப்பு எரிகிறது. படியேறும்போதெல்லாம் ஒருத்தர் என்னை நினைத்தார் என்று ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேனே, அதை நினைத்துத்தான். பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன்.

ஆனால் வீரமணி காசு என்னிடம் இருக்கிறது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தாள் அப்படியே இருந்தது, இன்னொன்றைச் செலவழித்திருந்தேன். ஐந்தாம் தேதி சம்பளம் வந்ததும் சேர்த்து எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். அபிநயாதான் லாட்ஜ் ரிஜிஸ்டரில் இருந்த வண்டி நம்பரை வைத்து அவர் நிற்கிற ஸ்டாண்டை விசாரித்துச் சொன்னாள்.

"நீங்கதானே வீரமணி?"

"ஆமாக்கா, எங்க போவணும்?"

"எங்கயும் போவல. ஜனவரியில அரியலூர்ல கல்லு பொறுக்க வந்த மேடத்துக்கு வண்டி ஓட்டுனீங்களா?"

அவர் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. "ஓட்டுனேன். ஏன்க்கா, எதாச்சும் காணாமப் போச்சா? நான் எதையும் தொடலியே" என்றார்.

மேடம், எனக்கு அப்படியே அழுகை வந்துவிட்டது. கவரில் போட்டுப் பூட்டியபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். "ஒண்ணும் காணாமப் போவல. உங்களுக்கு வச்ச பேட்டா, ரூம்ல தங்கிடுச்சு" என்று கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "கணக்கெல்லாம் கரெக்டா போன்ல போட்டாங்க, பேட்டாவுக்கு மட்டும் அல்வான்னு ஸ்டாண்டு பூரா சொல்லி வச்சிருக்கேன். இப்ப போய் மாத்திச் சொல்லணும்" என்றார். ஒரு தாளை என்னிடம் நீட்டி, "நீங்களும்தானே பத்து நாள் வேலை பாத்தீங்க, ஒண்ண வச்சிக்கங்க" என்றார்.

"என் வேலை வேற. அத அவங்ககிட்டயே கேட்டுக்குறேன்" என்றேன். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. கேட்க வாய் வராது என்று உங்களுக்கு எழுதியவள் நான்தான்.

மேனேஜர் ஃபைலில் இருக்கிற கடிதம் அங்கேயே இருக்கட்டும். உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிடாதீர்கள். இன்னொரு மாதம் பருத்தி எடுக்க முதுகு தாங்காது. உங்கள் அம்மாவிடமும் மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டாம். அது உங்கள் காடா, பக்கத்துக் காடா என்று தெரிந்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

லாட்ஜுக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள். 204 வேண்டாம், குழாய் ஒழுகுகிறது. 207 என்று அபிநயாவிடம் சொல்லி வைக்கிறேன், ஜன்னல் பெரியது, கல் பரப்ப வசதி. முதல் நாள் மட்டும் வீரமணியைக் கொஞ்சம் தாமதமாக வரச் சொல்லுங்கள். நான் ஒன்பதரை மணிக்குக் கதவைத் தட்டுவேன். நீங்களே வந்து திறங்கள்.

மலர்க்கொடி