அந்தப் போர்க்கப்பலுக்கு நான் கயிறு போடவில்லை

அன்புள்ள சின்னப்பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். பிள்ளை பெறப்போகிறவளை இன்னும் சின்னப்பாப்பா என்கிறேனே என்று சிரிக்காதே, கை அப்படித்தான் எழுதுகிறது. உன் அண்ணன் போனில் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கி உன்னைப் பதற வைத்துவிட்டானாம். எனக்கு வேலை போகவில்லை. இழுவைப் படகிலிருந்து இறக்கிக் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் படகில் இன்ஜின் பார்த்த மெக்கானிக்கை உனக்கு நன்றாகத் தெரியும், உன் சைக்கிளுக்குச் செயின் மாட்டிவிட்டு மூக்கில் கிரீஸ் தடவி அனுப்புவாரே, அவர்தான். முற்றுகையில் மாட்டிக்கொண்ட அக்கரைத் துறைமுகத்துக்கு மருந்து ஏற்றிப்போன கப்பலுக்கு இன்ஜின் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், லீவு போட்டுவிட்டுப் போனார். அங்கே வழியை அடைத்து நிற்பது நீ வாழ்கிற நாட்டின் கடற்படை. திரும்பிப் போ என்றார்களாம், இவர்கள் போகவில்லை. அவர்களுடைய போர்க்கப்பல் ஒன்றிலிருந்து சிப்பாய்கள் இவர்கள் கப்பலில் ஏறினார்கள், கைகலப்பு, துப்பாக்கிச் சூடு. மெக்கானிக்கும் இன்னும் சிலரும் இறந்துபோனார்கள். அவர் ஸ்பானரை ஓங்கினார் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஓங்கியிருப்பார், அவர் கோபம் எனக்குத் தெரியாதா. ஆனால் குண்டு முதுகில் பாய்ந்திருந்தது என்று உடலைப் பார்த்த டாக்டர் சொன்னார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன், அந்தக் கனம் இன்னும் தோளில் இருக்கிறது.

கொஞ்ச நாளில் அதே போர்க்கப்பல் எண்ணெய் நிரப்ப நம் துறைமுகத்துக்கு வருகிறது என்றார்கள். நட்பு நாட்டுக் கப்பல், மரியாதையாக உள்ளே கொண்டுவர வேண்டும் என்று மேலிட உத்தரவு. கயிறு போட்டு உள்ளே இழுத்துவர வேண்டியவை எங்கள் படகுகள். எல்லோரும் கேன்டீனில் கூடினோம். எங்களில் மூத்தவர், மீசை என்று கூப்பிடுவோமே, அவர் எழுந்தார். வெள்ளத்துல நாம நடுத்தெருவுல நின்னப்ப யாரு வந்தா, அவங்க கப்பல்தானே கோதுமை கொண்டாந்துச்சு, அதைத் தின்னுட்டு இப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா நாம மனுசங்களா என்று கேட்டார். அந்தக் கோதுமைக் கப்பலை இழுத்துவந்ததே நான்தான். அண்ணே, அந்த நன்றி எனக்கும் இருக்கு, நாளைக்குக் கோதுமைக் கப்பல் வந்தா நானே முதல் கயிறு போடறேன், ஆனா கூட்டாளி தப்பு செஞ்சா அவன் மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்லணும், நம்ம ஆளைச் சுட்ட கப்பலை என்னால கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர முடியாது என்றேன். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் சில கைகள்தான். வெளியே வந்ததும் மீசை என் தோளில் கை போட்டு, உடம்பு சரியில்லன்னு சொல்லிடுப்பா, உன் படகை நான் எடுத்துக்கறேன், ஒரு வம்பும் வராது என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் நான் மேனேஜர் அறைக்குப் போய், உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு, அந்தக் கப்பலுக்கு மட்டும் கயிறு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துப் படத்தோடு போட்டுவிட்டார்கள். கப்பல் வந்தது, எண்ணெய் நிரப்பிக்கொண்டு போனது. நான் தடுத்து நிறுத்திவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

வெளியே நடந்ததைவிட வீட்டுக்குள்தான் பெரிய சண்டை. உன் பிரசவத்துக்கு வர அம்மா விசா கேட்டிருக்கிறாளே. பொண்ணை அங்க குடுத்துட்டு அவங்க கப்பலையே வேணாம்னு சொன்னா மாப்பிள்ளை மூஞ்சியில எப்படி முழிக்கிறது, எனக்கு விசா குடுப்பாங்களா, அவ வலியில துடிக்கிறப்ப பக்கத்துல யாரு இருப்பா என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து உப்பு போதுமா என்பதைக்கூட உன் அண்ணன் வழியாகத்தான் கேட்டாள். போன வாரம் விசா ஆபீஸில் கூப்பிட்டார்கள், துணைக்கு வருகிறேன் என்றேன், வேண்டாம் என்று தனியாகப் போனாள். பத்திரிகையில் வந்தவர் உங்கள் கணவரா, உங்களுக்கும் அதே கருத்துதானா என்று கேட்டார்களாம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவரோட நான் வீட்டுல சண்டை போடுவேன், அது எங்க பாடு, செத்தவர் என் கையால காப்பி வாங்கிக் குடிச்ச மனுசன், அவரை முதுகுல சுட்டது தப்புன்னு நானும்தான் சொல்றேன், என் பொண்ணைப் பாக்கப் போகணும்னும் சொல்றேன் என்றாளாம். பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, உங்களுக்காக ஒண்ணும் பேசலை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள்.

விசா வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் உன் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொள், நல்ல மனுஷி. அந்த நாட்டை நான் வெறுக்கவில்லை, என் பேரப்பிள்ளை பிறக்கப்போகிற மண் அது. மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே. கோபம் இருந்தால் எனக்கே போன் போட்டுத் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன், பதிலும் சொல்கிறேன். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் பேசுவது உன் வேலை இல்லை. மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் ஓடாதே. நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. மெக்கானிக்கின் மனைவிக்கு ஒரு போன் செய். அந்த நாட்டிலிருந்து இதுவரை ஒருவர்கூட அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளைக்கு மனமிருந்தால் அவரும் பேசட்டும்.

உன் அப்பா