சுகந்திக்கு விட்ட வரி

14.7.86 திங்கள்

மழை. ஜூலையில் சுவெற்றர். இந்த ஜேர்மனிக் கோடையை என்னவென்று சொல்ல.

நகரசபை என்னை இந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்க அனுப்பி நாலு மாதம். அகதிக்கு வேறு வேலை செய்ய அனுமதி இல்லை. இன்று பள்ளிக்கூட அதிபர் அம்மா கூப்பிட்டார். விளக்குமாற்றை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டுப் பேனையைத் தந்தார். பள்ளிக்கூடம் தொடங்கிப் பதினைந்து வருடம். ஒக்ரோபரில் விழா. இதுவரை படித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் ஒரு பெரிய புத்தகத்தில் கையால் எழுதப்பட வேண்டுமாம். ஜன்னல் கழுவிய அட்டவணையில் என் எழுத்தைப் பார்த்திருக்கிறார். இருபத்திரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் கணக்கு மாஸ்ரர். எழுத்தாவது வடிவாக இருக்காதா.

வாங்க: மை ஒற்றுத்தாள், பருப்பு, எயர்மெயில் உறை.

17.7 வியாழன்

கீழ்த்தள அறையில் பழைய தாள்கள். தும்மல்.

இந்த இடம் முன்பு மாட்டுச் சந்தை. புதன் சந்தை இப்போதும் மதிலுக்கு வெளியே. அந்தக் காலத்தில் ஊரில் மூன்று பள்ளிக்கூடம்: பல்கலைக்கழகம் போவோருக்கு ஒன்று, கந்தோர் வேலைக்குப் போவோருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு ஒன்று. பத்து வயதிலேயே பிரித்துவிடுவார்கள். 1971இல் மூன்றையும் ஒன்றாக்க, ஊர் இரண்டுபட்டிருக்கிறது. டாக்டரின் பிள்ளையும் மாட்டுக்காரனின் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படிப்பதோ என்று பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார் ஒருவர். எங்கள் ஊரிலும் கேட்ட கேள்விதான். உள்ளதைச் சொன்னால் நானும் ஒருகாலத்தில் கேட்டவன்.

பள்ளிக்கூடக் காவலாளி ஹெர் கிறூகர் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நல்ல மனுசன், சாவிக்கொத்தும் இருமலும். போன கிழமை அவருக்கு ஐம்பத்துநாலாவது பிறந்தநாள், கேக் தந்தார்.

பெரிய விசயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். அதிபர் அம்மா முத்திரை குத்திக் கடிதம் தந்துவிட்டார்: ஒன்பதாம் வகுப்பில் சுகந்திக்கு இடம் உண்டு. என் ஒரே பிள்ளை. 21.8.1970இல் பிறந்தவள். இப்போது கொழும்பு லொட்ஜில், தாய்மாமன் செல்வத்தோடு. மனைவி புவனம் வரமுடியாது. அவளின் தகப்பன் படுக்கையில், யாழ்ப்பாணத்தில். பதினாறு வயதுக்குள் வந்தால் இங்கே விசா இல்லாமல் இறங்கலாம் என்கிறான் ஆள் அனுப்பும் ஏஜென்ற். ஐந்து கிழமை இருக்கிறது.

20.7 ஞாயிறு

தயாபரனோடு சண்டை. அகதி விடுதியில் என் அறைக்காரன். ஊரில் லொறி ஓடினவன், மரியாதையான பெடியன்.

"மாஸ்ரர், பிள்ளைக்கு இன்னும் பாஸ்போட் எடுக்கேல்லைத்தானே? ஒரு வருசத்தைக் குறைச்சு எடுக்கச் சொல்லுங்கோ. பிந்தினாலும் பயமில்லை."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்."

"எல்லாரும் கிணத்துக்கை குதிச்சால் நானும் குதிக்கிறதோ? இருவத்திரண்டு வருசம் பிள்ளையளின்ரை பேர் இடாப்பு எழுதினவன். ஒரு திகதியிலை கைவைச்சதில்லை. என்ரை பிள்ளைக்குக் கள்ளப் பிறப்பு வேண்டாம்."

"உங்கடை விருப்பம், மாஸ்ரர்."

ஒருமுறை ஒரு தகப்பன், மகனைப் பதினைந்து வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் சேர்க்க, ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு வந்தார். ஒரு வருடம் குறைக்கட்டாம். கூடையை அவர் தலையிலேயே ஏற்றி அனுப்பினேன். ஊரெல்லாம் அந்தக் கதை. எனக்கும் அதில் பெருமைதான்.

செல்வத்துக்குக் கடிதம்: "பிறந்த திகதியில் ஓர் இலக்கமும் மாறக்கூடாது." அடிக்கோடு இரண்டு.

30.7 புதன்

சந்தை. சாணி மணம் கீழ்த்தளம் வரை.

1971–74 முடிந்தது. ஒரு வெட்டுத்திருத்தம் இல்லை. இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர நாலு பிள்ளைகள். அந்தப் பக்கத்தை மட்டும் முந்தி எடுத்து, அகரவரிசைப்படி சுகந்திக்கு ஒரு வரி விட்டு எழுதினேன்.

"இது ஆருக்கு?" அதிபர் அம்மா ஜேர்மனில் கேட்டார்.

"என்ரை மகளுக்கு. வந்து வாங்கிலை இருந்தபிறகு எழுதுறன்."

வராத பிள்ளையின் பெயரை எழுதக்கூடாது. அது முறை.

9.8 சனி

தபாற்கந்தோரிலிருந்து செல்வத்துக்கு ரெலிபோன். பாஸ்போட் வந்துவிட்டது, 15ஆம் திகதி பயணம்!

தேவாலயத்தில் பழைய உடுப்பு மேசை. நீலச் சுவெற்றர் ஒன்று எடுத்தேன். கை நீளமோ தெரியாது. அவளைக் கண்டு ஒரு வருடமும் ஏழு மாதமும். எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று ஒரு தகப்பனுக்குத் தெரியாமல் இருக்கிறதே.

16.8 சனி

15ஆம் திகதிப் பயணம் சரிவரவில்லை. 19 என்கிறான் ஏஜென்ற்.

சுகந்தியே பேசினாள். குரல் புவனத்தின் குரல் மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா, என்னோடை லொட்ஜிலை இருந்த பிள்ளை நேற்று ஜேர்மனிக்குப் போட்டாள். அவளுக்குப் பதினெட்டு. பாஸ்போட்டிலை பதினாலு."

"மற்றவையின்ரை கதை எங்களுக்கு என்னத்துக்கு?"

"இல்லையப்பா. சும்மா சொன்னனான்."

அவள் சும்மா சொல்லவில்லை. விளங்கிக்கொண்டுதான் ஏசினேன்.

21.8 வியாழன்

பதினாறு.

19உம் போயிற்று. நல்ல வெயில். அவள் பிறந்தநாளுக்குச் சர்க்கரைப் புக்கை பொங்கினேன், அடிப்பிடித்துவிட்டது. தயாபரன் ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் தின்றான். பேசியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

1979 வரை எழுதியாயிற்று.

25.8 திங்கள்

செல்வம் ரெலிபோனில். நேற்றுத்தான் பயணம் சரிவந்து, கொழும்பு விமான நிலையத்தில் பாஸ்போட்டைப் பார்த்தார்களாம். பதினாறு முடிந்து மூன்று நாள், விசா எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

"அத்தான், ஒரேயொரு இலக்கம். நீங்கள் அடிக்கோடு போட்ட இலக்கம்."

வைத்துவிட்டான். லொட்ஜில் பொலிஸ் சோதனையாம், இனி வைத்திருக்க ஏலாதாம். யாழ்ப்பாண பஸ்ஸில் அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகிறான்.

சுவெற்றர் கட்டிலுக்குக் கீழே.

2.9 செவ்வாய்

பள்ளிக்கூடத்தின் முன்கதையும் வேண்டுமாம். பழைய மூன்றில் மீதிப் பேருக்கான பள்ளிக்கூடத்தின் பழைய இடாப்புகள் வந்தன. 1946. பாதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் 'அகதி' என்று சின்ன எழுத்தில். சண்டையில் துரத்தப்பட்டுக் கிழக்கிலிருந்து வந்த சனமாம். இவர்களிலும் அகதி. அதில் ஹெர் கிறூகரின் பெயர். பிறந்த வருடம் 1934.

கணக்கு மாஸ்ரர் சும்மா இருப்பேனா. போய்க் கேட்டேன். அவர் ஜேர்மனில் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன்.

"இதிலை பிழை. ஐம்பத்துநாலு எண்டு கேக் தந்தனீங்கள். இதின்படி ஐம்பத்திரண்டு."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"நான் பிறந்தது முப்பத்திரண்டு. அம்மாவும் நானும் கைவண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தனாங்கள். பதினாலு வயசு. அந்த வயசோடை பள்ளிக்கூடம் முடிஞ்சுது, பிறகு ஆரின்ரையோ மாட்டுப் பட்டியிலை சாணி அள்ளவேணும். சண்டையாலை நான் ரெண்டு வருசம் படிக்கவே இல்லை. அம்மா வாத்தியாரிட்டைப் பன்னிரண்டு எண்டு சொன்னா."

"வாத்தியாருக்குத் தெரியாமலோ?"

"எனக்கு மீசை அரும்பீட்டுது, தெரியாமல் இருக்குமோ? என்னைப் பாத்தார். அம்மாவைப் பாத்தார். பேனையை மையிலை தொட்டார்."

"கண்டிப்பில்லாத வாத்தியாரோ?"

"அவரோ? பென்சில் களவெடுத்தால் தோலை உரிப்பார்."

அவர் போன பிறகும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வடிவான எழுத்து. கை நடுங்கவில்லை. அதை எழுதின மனுசனும் ஒரு வாத்தியார், நானும் ஒரு வாத்தியார்.

ஐயோ சுகந்தி.

3.9 புதன்

செல்வத்தோடு ரெலிபோன். வேறு பாஸ்போட் எடு, ஒன்றோ இரண்டோ குறை, எதையென்றாலும் செய் என்றேன்.

"இப்ப சொல்லுறியள், அத்தான்." கோபமில்லை, களைப்பு. அவளைத் திரும்பக் கூட்டிவரப் பார்க்கிறானாம். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டு.

புவனத்துக்குக் கடிதம். "பிள்ளையிட்டைச் சொல்லு, அப்பா பிழை விட்டிட்டார் எண்டு." என் வாழ்க்கையில் இப்படி எழுதியது முதல்தரம்.

29.9 திங்கள்

புவனத்தின் கடிதம். என்னுடையது கிடைக்குமுன் எழுதியது. அப்படியே பார்த்து எழுதுகிறேன், உறையைத் தொலைத்தாலும் இங்கே இருக்கட்டும்.

"சுகந்தி வெள்ளிக்கிழமை ரியூசனுக்கெண்டு போனவள் வரேல்லை. சைக்கிள் மட்டும் வாசிகசாலையடியிலை நிண்டுது. இன்னும் ரெண்டு பிள்ளையளோடை இயக்கத்திலை சேரப் போட்டாளாம். அவங்களின்ரை காம்புக்குத் தேடிப் போனன். சின்னப்பிள்ளை, பதினைஞ்சுதான், விடுங்கோ எண்டு காலிலை விழுந்து அழுதன். அவளின்ரை பாஸ்போட் அவங்களின்ரை மேசையிலை இருந்துது, திகதியைக் காட்டிப் பதினாறு எண்டாங்கள். நீங்கள் யோசியாதேங்கோ, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

வேலைக்குப் போனேன். 1986 வரை எழுதினேன். ஒரு பிழை இல்லை.

3.10 வெள்ளி

நாளை விழா. குளிர். மண்டபத்தில் கொடிகள், கதிரைகள் முந்நூறு, நானும் ஹெர் கிறூகரும் அடுக்கினோம்.

பின்னேரம் அதிபர் அம்மா புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். விசயம் அவருக்குத் தெரியும், ஹெர் கிறூகர் சொல்லியிருக்கிறார்.

"இந்த வரியை அப்பிடியே விடுறதெண்டாலும் சரி. ஆரும் கேக்கமாட்டினம்."

"இல்லை. பிள்ளை இருக்கிறாள்."

அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். மேசையில் இருந்தேன். பேனையை மையில் தொட்டேன். பெயரை எழுதினேன். பக்கத்தில், பிறந்த திகதி: 21.8.1971.

ஹெர் கிறூகர் பின்னால் நின்று வாசித்தார். ஒற்றுத்தாளை எடுத்துத் தந்தார்.