வயிற்றுக்கு அடியில் இன்னோர் இறக்கை

மார்ச் 3, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இது அலுவலகக் கூட்டங்களில் பேச நினைப்பதைக் குறித்துவைக்கக் கொடுத்த நோட்டு. பதினான்கு மாதமாகிறது, முதல் பக்கமே காலி. வீணாகப் போவதற்குப் பதில் இதையாவது எழுதுகிறேன்.

நிலம் அளக்கும் ஆளில்லா விமானங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் விமானம் செய்வதில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுகிறேன். அப்பாவோ தன் இஸ்திரிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு ஏரோப்ளேன் செய்யுது" என்கிறார். வீட்டில் முதல் பட்டதாரி நான். அவரைத் திருத்த மனசு வரவில்லை. மனசு வந்தாலும் வாய் வராது.

அதனால் வீட்டிலாவது ஒன்று செய்கிறேன். ஊரை விட்டுப் போகிற ஒருவர் போன வருடம் தன் ரிமோட் விமானத்தை எனக்கு விற்றார். உபரியாக இன்னோர் இறக்கையும் கொடுத்தார். அது மூலையில் சும்மா கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அலுவலகத்தில் நானும் அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில்தான்; இனப்பாசமாக இருக்கலாம். விமானத்தின் வயிற்றுக்கு அடியில் அதையும் மாட்டி, இரட்டை இறக்கை விமானமாக்கப் போகிறேன். இறக்கை கூடினால் மெதுவாகப் பறக்கும். பதில் யோசிப்பதற்குள் பேச்சே முடிந்துபோகிற என்னைப் போன்றவளுக்கு அதுதான் தோது.

மார்ச் 6, வெள்ளி

சோதனைப் பிரிவில் ஓர் இடம் காலி! பறக்கவிட்டுப் பார்த்து, பழுது கண்டுபிடிக்கிற வேலை. கல்லூரியில் சேர்ந்ததே அதற்காகத்தான்.

அந்தப் பிரிவின் தலைவருக்கு நெற்றியிலிருந்து பிடரி வரை நேர்கோடாக வழுக்கை. அதனால் எல்லோருக்கும் அவர் ‘ரன்வே’. எங்கள் அறை வாசலில் நின்று சொன்னார்: "மெயில் கியில் எல்லாம் வேணாம். வேணும்கிறவங்க இருபத்துமூணாம் தேதிக்குள்ள நேர்ல வந்து, வாயத் தொறந்து கேளுங்க."

வாயைத் திறந்து. வேறு தகுதியே கிடைக்கவில்லையா இவருக்கு?

ஆனால் ஞாயிறு காலையில் நான் போகும் மைதானத்துக்குத்தான் அவரும் தன் விமானத்தோடு வருவார். என் திட்டம் இது: என் விமானம் பறக்கும், அவர் பார்ப்பார், அவரே கூப்பிட்டு வேலை கொடுப்பார். எனக்காக அது பேசிவிடும்.

எழுதிப் படித்தால் எவ்வளவு அசடாக இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா: "ஒரு றெக்கையிலயே நாலு தடவ குப்புற விழுந்துச்சு. ரெண்டு வச்சா எட்டு தடவயாடி?"

கணக்கில் தவறில்லை.

புது இறக்கை வர வேண்டிய இடத்தில் சக்கரங்கள். அவற்றை முன்னால் தள்ளினேன். மூக்கு கனத்தது. பேட்டரியைப் பின்னால் தள்ளினேன். நெரிசல் பஸ்ஸில் ஒருவர் உட்கார எட்டுப் பேர் நகர்வது போல. கடைசியில் இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பார்த்தேன். ஆடாமல் நின்றது. மூச்சுவிடாமல் நானும்.

மார்ச் 11, புதன்

இறக்கையின் மேல், சூடு பட்டால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்த வேண்டும். அப்பாவின் இஸ்திரிப் பெட்டியை எடுத்து அதன் மேல் வைத்ததும் ஓட்டை விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஜீன்ஸுக்கு வைக்கிற சூட்ட இதுக்கு வச்சா? தள்ளும்மா." புதுத் தாளை ஒரே இழுப்பில் முடித்துவிட்டார். ஒரு சுருக்கம் இல்லை. என் பட்டம் சுவரில் சட்டத்துக்குள் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க ஆபீஸ்ல இதுக்குன்னு ஆள் இருப்பாங்க, இல்ல?"

"இருப்பாங்கப்பா."

பொய்யில்லை. அந்த ஆள் நானில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 14, சனி

கடைசி வேலை, கீழ் இறக்கையின் மடல்கள். இறக்கையின் பின்னோரத்தில் அசைகிற பட்டைகள்தான் மடல்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் விமானம் சாய்ந்து திரும்பும். மேஜையில் விமானத்தை மூக்கு என்னைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்துப் போட்டு, அவற்றை அசைக்கும் குட்டி மோட்டாரோடு இணைத்தேன். ரிமோட்டில் வலது பக்கம் தள்ளினேன். வலது மடல் மேலே எழுந்தது. அற்புதம்!

நாளைக்குப் பறக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

பறந்தது. அதுதான் பிரச்சினை.

ஓடியது, எழும்பியது, நேராகப் போனது. "ஆஹா, ஸ்கேல் வச்ச மாதிரி போகுதே!" என்று யாரோ கைதட்டினார்கள். நான் வலது தள்ளினேன். நேராகப் போனது. இடது தள்ளினேன். அதே நேர். கைதட்டல் கூடியது. முள்வேலி நெருங்கியது. ‘திரும்ப மாட்டேங்குது’ என்று கத்தியிருக்கலாம். அத்தனை பேர் பாராட்டும்போது எப்படி...? வாலிலும் ஒரு மடல் உண்டு, அதை வைத்தும் திருப்பலாம். பரீட்சையில் அதற்குப் பதினாறு மதிப்பெண் வாங்கியவள் நான். அப்போது நினைவே வரவில்லை.

ரன்வே சார் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னம்மா, திரும்பலையா?" தலையாட்டினேன். ரிமோட்டைப் பிடுங்கி வால் மடலைத் திருப்பினார். கொஞ்சம் தாமதம். விமானம் பாதி திரும்பி வேலியில் உட்கார்ந்தது.

முள்ளிலிருந்து எடுத்து மடல்களை ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். "மேல் றெக்க வலது போங்குது, கீழ் றெக்க இடது போங்குது. கவுத்து வச்சுப் பாத்தியா?"

கவிழ்த்து வைத்தால் எழுவது இறங்குவதுதானே! கடவுளே.

"அது கெடக்கட்டும். ‘திரும்பல’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேலி தப்பிச்சிருக்கும். எந்த காலேஜ்மா நீ?"

பதினான்கு மாதம். ஒரே கட்டடம்.

மார்ச் 16, திங்கள்

காலையில் ரன்வே சார் தன் ஆட்களை நிற்கவைத்துக் கையேட்டை உரக்கப் படித்தது எங்கள் அறைவரை கேட்டது. "விதி பதினான்கு. விமானம் நேராக நிற்கும் நிலையில், அதன் பின்னால் நின்றே மடல்களைச் சரிபார்க்க வேண்டும். நேத்து ஒரு பொண்ணு இது தெரியாம வேலியில விட்டுச்சு. எழுதினவங்க எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க பாருங்க!"

எழுதியது நான்தான். அலமாரிக்குப் பின்னால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

கீழ் மடல்களின் குட்டி மோட்டாரைத் திருப்பி மாட்டினேன். கிழிசலுக்கு அப்பாவின் இஸ்திரி. பின்னால் நின்று பார்த்தேன். ஏழு தடவை.

மார்ச் 22, ஞாயிறு

மூன்று சுற்று. வலது என்றால் வலது, இடது என்றால் இடது. இறங்கும்போது ஒரு துள்ளல், அப்புறம் நின்றது.

ரன்வே சார் குனிந்து பார்த்தார். "பரவாயில்லயே. இந்தத் தடவ எப்படிப் பாத்தே?"

"நேரா வச்சு, பின்னால நின்னு."

"விதி பதினாலு! உனக்கு யார் சொன்னா?"

"அது நான் எழுதினது சார். உங்க ஆபீஸ்தான். மூணாவது ரூம். அலமாரிக்குப் பின்னாடி."

அவர் சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்து மைதானத்துப் பையன்களின் பந்தாட்டமே நின்றுவிட்டது. அந்தச் சிரிப்பின் நடுவே இன்னொரு வாக்கியமும் சொல்லிவிட்டேன். எழுத இப்போது கை வரவில்லை.

மார்ச் 27, வெள்ளி

புது மேஜை ஜன்னல் ஓரம். அலமாரி எதுவும் மறைக்கவில்லை. அது பழக நாளாகும். விரலெல்லாம் பசை. விதி பதினாலு வந்தால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் கடையில் அப்பா யாரிடமோ, "என் பொண்ணு ஏரோப்ளேன் செய்யுது" என்றார்.

"செய்யலப்பா. செஞ்சது சரியான்னு பறக்கவிட்டுப் பாக்கறேன்."

"அது இன்னும் பெரிசாச்சே!" என்றார் அப்பா.

நோட்டில் கடைசி வரி பாக்கி. ஞாயிற்றுக்கிழமை சொன்னது இவ்வளவுதான்:

"சார், உங்க பிரிவுல காலியா இருக்கே, அந்த இடத்த எனக்குக் குடுங்க."