‘பரவாயில்ல’ என்கிற வியாதி

ஜனவரி 9

என் வீட்டுக்காரர் ஓரின் இன்றும் கட்டிலில் படுக்கவில்லை. கூடத்துச் சாய்வு நாற்காலியிலேயே தூங்கினார். முதுகுவலியாம். என்ன முதுகுவலி? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, நானே பார்த்தேன். கட்டின பெண்டாட்டியிடமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்.

ஜனவரி 12

சாமான் கடையில் காப்பி குடிக்கும் வைத்திய சிகாமணிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தலைமை வைத்தியர், இவருடைய நண்பர் லைல். டிராக்டர் இஞ்சினைத் தவிர எதையும் திறந்து பார்த்ததில்லை. முன்பு அவர் இதயத்தில் ஒரு அடைப்புக்கு ஸ்டென்ட் என்று குட்டிக் குழாய் ஒன்றை வைத்தார்கள். அன்றிலிருந்து ஊரிலுள்ள இதயமெல்லாம் அவர் பொறுப்பு. இதயக் கோளாறு என்றால் இடது கை வலிக்க வேண்டுமாம், மார்பை அழுத்த வேண்டுமாம், வியர்த்துக் கொட்ட வேண்டுமாம். இல்லையென்றால் வெறும் வாயுவாம். அதை இவர் வேதவாக்காக வந்து ஒப்பிக்கிறார். த்தூ.

ஜனவரி 20

இவர் கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. காலுறை இறுக்கம் என்று சொல்லி, புதுக் காலுறை வாங்கி வந்திருக்கிறார்!

ஜனவரி 25

பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க, லைலும் இவரும் உறைந்த ஏரிக்குக் குடிலை இழுத்துப் போனார்கள். இவர் பாதி வழியில் நின்று நின்று வானத்தைப் பார்த்தாராம். "ஓரின் கவிஞனாயிட்டான்" என்று லைல் என்னிடம் சிரிக்கிறார். மூச்சு வாங்க நிற்கிறவனைக் கவிஞன் என்கிறான் சிநேகிதன். இவனை நம்பித்தான் என் வீடு இருக்கிறது.

ஜனவரி 31

மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார். உடுப்பெல்லாம் கீழே இருந்தால் வசதியாம்.

பிப்ரவரி 6

ஒருவழியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். மினசோட்டாவில் இந்தப் பக்கத்து ஆம்பிளைக்குத் தெரிந்தது ஒரே சொல். களஞ்சியம் எரிந்தாலும் பரவாயில்ல. விரல் இயந்திரத்தில் போனாலும் பரவாயில்ல. வலிக்கிறது என்று சொல்வது வெட்கக்கேடு. நானும் இங்கே பிறந்தவள்தான், அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

டாக்டர் ரோனிங் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். பரவாயில்ல. மூச்சு? பரவாயில்ல, குளிர்தான். தூக்கம்? நன்றாகத் தூங்குகிறாராம்! டாக்டர் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கப் போனார்.

அந்நியர் முன்னால் புருஷனைப் பொய்யன் என்று சொல்கிறவள் இந்த ஊரில் கிடையாது. நான் சொன்னேன்.

"இவர் பொய் சொல்றார் டாக்டர். படுத்தா மூச்சு முட்டுது. கால் வீங்கிக் கிடக்கு. ஒரு மாசமா நாற்காலியிலதான் தூங்குறார். செத்தாலும் பரவாயில்லம்பார், நீங்க அதையும் எழுதிக்குவீங்களா?"

ஓரின் காது வரை சிவந்துபோனார். டாக்டர் குனிந்து அவர் காலை அழுத்திப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 8

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இதயச் செயலிழப்பு. பேரைக் கேட்டதும் எனக்கு உயிரே போச்சு. இதயம் நிற்கவில்லை என்றார் டாக்டர். இறைக்கும் வலு குறைந்துவிட்டது, அதனால் நீர் நுரையீரலிலும் காலிலும் தேங்குகிறது. பல வருஷ இரத்த அழுத்தம் செய்த வேலை. வலியே இல்லாமலும் வருமாம். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டாராம்.

கழிவறைக்குப் போய் அழுதேன். கோபத்தில்தான். இல்லை, பயத்தில். இந்த மனுஷன் இல்லாமல் நான் யாரைத் திட்டுவது?

லைல் பூவோடு வந்தார். "இடது கை வலிக்கவே இல்லையா?" என்று ஏமாந்தவர்போலக் கேட்டார். வெளியே அனுப்பினேன், பூவோடு.

பிப்ரவரி 19

வீடு திரும்பியாயிற்று. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். சட்டென்று ஏறினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம். உப்பு குறைக்க வேண்டும். இவருக்கு என்னோடு பேச்சு கிடையாது. டாக்டர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம். வாங்கினேன். மானத்தோடு இவரைப் புதைக்க எனக்கு இஷ்டமில்லை.

மார்ச் 23

தேவாலயத்தின் கீழ்க் கூடத்தில் ஞாயிறு விருந்து. ஊரே இருந்தது. லைல் தட்டும் கையுமாக வந்து, "எப்படிடா இருக்க?" என்று இவர் முதுகில் தட்டினார்.

ஓரின் கரண்டியை வைத்தார். "நல்லா இல்ல. காலையிலேருந்து மூச்சு வாங்குது, எடையும் ஏறியிருக்கு. ஆர்டித், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

 யார் எங்கே பார்ப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. லைல் தன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கோட்டை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தேன்.

மருந்தின் அளவைக் கூட்டி, மாலைக்குள் அனுப்பிவிட்டார்கள். வரும் வழியெல்லாம் ஊசி குத்தின இடம் வலிக்கிறது, கார் குளிர்கிறது, விருந்தில் ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று ஒரே புலம்பல்.  புலம்பட்டும்.